ரோஸ் குஞ்சு பத்து, பழுப்புக் குஞ்சு பத்து

"ரோஸ் பத்து. பழுப்பு ஒன்பது" என்று சொல்லிவிட்டு, சிதம்பரநாதன் பஞ்சாரத்தை மறுபடியும் தூக்கினார். மூங்கில் கூடைக்குள் ஒடுங்கியிருந்த குஞ்சுகள் நாலாபக்கமும் சிதறின. விரல் நீட்டி மறுபடி எண்ணினார். ரோஸ் பத்து. பழுப்பு ஒன்பது.

ஒரு குஞ்சு போனதில் அவருக்கு வருத்தம் கிடையாது. போகத்தான் வேண்டும். போவதற்காகத்தான் காலையில் இருபது குஞ்சுகளையும் கொல்லையில் திறந்து விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். ஆனால் போயிருக்க வேண்டியது ரோஸ். போனது பழுப்பு. விஞ்ஞானம் முதல் நாளே இப்படிக் காலை வாரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அன்னம், பருந்து வந்துச்சா?"

"வந்துச்சுங்க. பதினோரு மணி இருக்கும். ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. தொடப்பத்தை எடுத்துக்கிட்டு ஓடினேன், அதுக்குள்ள தென்னைமரத்துக்கு மேல போயிடுச்சு."

"நீ எதுக்கு ஓடின? தூக்கட்டும்னுதானே விட்டிருக்கேன்."

அன்னபூரணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுடைய கோழிகள் இரண்டும் இருபத்தோரு நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகள் அவை. அவற்றைப் பருந்து தூக்கட்டும் என்று சொல்கிற மனுஷரோடா பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்று நினைத்தாளோ என்னவோ, விடுவிடென்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

விவகாரம் இதுதான். வருஷம் 1979. சிதம்பரநாதன் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். வீடு தருமபுரத்தில். பாண்டிச்சேரி சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. சர்க்கார் ஒன்று, நிலம் நாலு துண்டு. ஒரு துண்டு மலையாளக் கரையில் மாஹே. இன்னொரு துண்டு ஆந்திராவில், கோதாவரிப் பக்கம், யானம். மற்ற ஊர்க்காரர்களுக்கு மாற்றல் என்றால் பக்கத்துத் தாலுகாவுக்கு. காரைக்கால்காரர்களுக்கு மாற்றல் என்றால் பக்கத்துப் பாஷைக்கு.

அந்த வருஷம் காரைக்காலிலிருந்து ஒரு உயிரியல் வாத்தியார் யானம் போக வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்ததோ இரண்டே பேர், சிதம்பரநாதனும் சோமசேகரனும். ஆய்வாளர் மதாம் மத்லேன் பாண்டிச்சேரியிலிருந்து வருவார், இருவரும் பாடத்தைச் செய்து காட்டுவதைப் பார்ப்பார், சுமாரானவரின் பெயரைப் பட்டியலில் எழுதுவார். சோமசேகரன் ஒரு கண்ணாடிச் சீசாவில் நல்லபாம்பை ஊற வைத்திருந்தார். ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் அந்தச் சீசாவைச் சுற்றி நின்று வியந்துகொண்டிருந்தபோது சிதம்பரநாதனுக்குப் பொறுக்கவில்லை. செத்ததைக் காட்டுவது என்ன பெரிய காரியம், நான் இயற்கைத் தேர்வை உயிரோடு காட்டுகிறேன், அதுவும் பத்தே நாளில், என்று சொல்லிவிட்டார். கையிலிருந்த டீயை ஒரு வாய் குடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவர் சுபாவம் அப்படி. வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டு வரும்.

யானம் என்ற பேச்சை எடுத்தவுடனே அன்னபூரணி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். புளி வேண்டும் என்று கடையில் கேட்கக்கூடத் தனக்குத் தெலுங்கு தெரியாது. அவர் வேண்டுமானால் போகலாம், மாசம் ஒரு கடுதாசி போடலாம். சிதம்பரநாதனுக்குத் தன் கையால் ஒரு டம்ளர் காபி கலக்கத் தெரியாது. இதற்கு மேல் அவர் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பரிசோதனை. நியாயமாகப் பார்த்தால் அதை அவர் முதலில் விளக்கியிருக்க வேண்டியது அன்னபூரணிக்கு. அவரோ பத்தாம் வகுப்பின் மூன்று பிரிவுகளுக்கும் விளக்கினார், முடிவெட்டுகிறவருக்கு விளக்கினார், நாகூர் பஸ் கண்டக்டருக்கு விளக்கினார். ஒரே தாய்க்கோழியின் குஞ்சுகளானாலும் எல்லாம் ஒரே அச்சு இல்லை. ஒன்று கொஞ்சம் வெளுப்பு, ஒன்று கொஞ்சம் கறுப்பு, ஒன்று ஓட்டக்காரி. பிறப்பது ஏராளம், தப்பிப் பிழைத்துப் பெரிதாகி முட்டையிடுவது கொஞ்சம். எது பிழைக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த இடத்துக்கு எது தோதோ அது பிழைக்கிறது. பிழைத்தது தன் குணத்தைத் தன் குஞ்சுக்குக் கொடுக்கிறது. ஆயிரம் தலைமுறை இப்படியே போனால் கூட்டமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. அவ்வளவுதான் சார் விஷயம், இதற்குப் போய் உலகம் நூறு வருஷமாகச் சண்டை போடுகிறது என்று அவர் கையை வீசிச் சொன்னபோது கண்டக்டர் இரண்டு பேருக்கு டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டார்.

வீட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான்: மேடம் வந்து எண்ணுவாங்க, ரோஸ் பத்து, பழுப்பு பத்து, நான் ஸ்கூல்ல இருக்கறப்ப நீதான் பாத்துக்கணும். அவள் தலையாட்டினாள்.

தருமபுரத்தில் குஞ்சுக்குச் சாயம் பூசுவது புதிதல்ல. வேலி ஓட்டையெல்லாம் குஞ்சு நுழையும் வழிதான். எந்தக் குஞ்சு எந்த வீட்டுடையது என்று தெரிய வேண்டாமா? பக்கத்து வீட்டு மிசே சவியேயின் குஞ்சுகள் பச்சை. எதிர்வீட்டு அலாவுதீன் வீட்டில் மஞ்சள். அதற்கடுத்த வீட்டில் நீலம். ரோஸ் யாரிடமும் இல்லை. சிதம்பரநாதன் தெருமுனையில் மதார் சாகிப் கடையில் துணிக்குப் போடும் ரோஸ் சாயம் ஒரு பொட்டலம் வாங்கி, இருபதில் பத்துக் குஞ்சுகளை முக்கியெடுத்தார். மண்ணோடு மண்ணாக இருக்கும் பழுப்பு பருந்தின் கண்ணில் படாது. ரோஸோ கையைத் தட்டிக் கூப்பிட்ட மாதிரி தெரியும். பத்து நாளில் ரோஸ் காலி, பழுப்பு பத்திரம். மதாம் மத்லேன் வந்து எண்ணிப் பார்த்தால் போதும், யானம் சோமசேகரனுக்கு.

இது கணக்கு. நடந்தது வேறு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரோஸ் பத்து, பழுப்பு எட்டு. சிதம்பரநாதன் கொல்லையை நாலு தடவை சுற்றி வந்தார். பளிச்சென்று காரணம் பிடிபட்டது. காரைக்கால் மண் கடல் மணல் கலந்த வெளிர் மண். அதில் பழுப்புதான் பளிச்சென்று தெரியும். தப்பு விஞ்ஞானத்தில் இல்லை, தரையில். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஒரு வண்டி வைக்கோல் வரவழைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கொல்லை முழுக்கப் பரப்பினார்.

கோழிகள் இரண்டுக்கும் தீபாவளி. சீய்த்த சீய்ப்பில் வைக்கோல் வேலியைத் தாண்டிப் பறந்தது. மத்தியானம் சவியே தன் கிணற்றிலிருந்து இறைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, உள்ளே மிதந்த வைக்கோலை அன்னபூரணியிடம் காட்டினார். சவியே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்; அதனால் தெருவுக்கு அவர் ‘மிசே’. குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாத குரலில் அவர் சொன்னவற்றை அன்னபூரணி தன் கணவரிடம் பாதிதான் சொன்னாள்.

சாயங்காலம் ரோஸ் பத்து, பழுப்பு ஏழு.

இரண்டாவது காரணம் புதன்கிழமை சாப்பிடும்போது பிடிபட்டது. தினம் வருவது ஒரே ஒரு பருந்தாக இருக்கலாம். அதற்குக் கண் மங்கலாக இருக்கலாம். ஒற்றைப் பருந்தை வைத்துக்கொண்டு உலக விதியை நிறுவ முடியுமா? நிறையப் பருந்து வேண்டும். பட்டினச்சேரியிலிருந்து தினமும் மீன் கொண்டுவரும் மாரிக்கண்ணுவிடம், நாளையிலிருந்து மீன் குடலும் தலையும் ஒரு தகரம் நிறையக் கொண்டு வா என்று சொன்னார். பூனை வளர்க்கிறீங்களா என்று அவள் கேட்டாள். இல்லை, பருந்துக்கு என்றார். மாரிக்கண்ணு அன்னபூரணியைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

வியாழக்கிழமை தருமபுரத்து வானத்தில் பருந்துகள் வட்டம் போட்டன. கூடவே காக்கை. கூடவே தெருப் பூனைகள். அன்றைக்குப் பார்த்து மிசே சவியே பென்ஷன் காகித விஷயமாக, வெள்ளை பேன்ட் வெள்ளைச் சட்டையோடு தொப்பி வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். மேலே இரண்டு பருந்து சண்டை போட்டதில் ஒரு முழுக் குடல் அவர் தோளில் வந்து விழுந்தது. அவர் உள்ளே போய் மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அடுத்தது தொப்பியில் விழுந்தது. மிசே சவியே அன்றைக்கு ஊருக்குள் போகவில்லை. வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாத்தியார் திரும்பி வரும்வரை காத்திருந்தார். வாத்தியார் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பின்தெரு வழியாக வீட்டுக்குள் நுழைந்தார்.

ரோஸ் பத்து, பழுப்பு ஆறு.

வெள்ளிக்கிழமை ஐந்து. அன்றைக்குப் பஞ்சாரத்தைத் தூக்கியபோது சிதம்பரநாதன் ஒன்றைக் கவனித்தார். ரோஸ் குஞ்சுகளில் பாதி, நாள் போகப்போக வெளுக்காமல், பீட்ரூட் மாதிரி கறுத்துக்கொண்டு வந்தன. பருந்துக்குப் பயந்து குஞ்சு தானே நிறத்தை மாற்றிக்கொள்கிறதா? ஐந்து நாளில் பரிணாமமா? அப்புறம் தலையில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டார். தனிக் குஞ்சு ஆசைப்பட்டு மாறாது, தலைமுறை தலைமுறையாகக் கூட்டம்தான் மாறும் என்று பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். சாயப்பொடி சரியாகக் கரையாமல் போயிருக்கும் என்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை நாலு. இனி யாரையும் நம்புவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை அவரே காவலுக்கு உட்கார்ந்தார். கொல்லை நடுவில் முக்காலி, கையில் நோட்டுப் புத்தகம், தலைக்கு மேல் கறுப்புக் குடை. காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை ஒரு பருந்துகூட இறங்கவில்லை. கொல்லை நடுவில் குடை பிடித்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் எந்தப் பருந்து இறங்கும்? இதை அன்னபூரணி இரண்டு தடவை எடுத்துச் சொன்னாள். பிறகு சாப்பிடக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, வஞ்சிர மீன் குழம்பு. சாப்பிட்ட கையோடு ஐந்து நிமிஷம் என்று சாய்ந்தவர் எழுந்தபோது மூன்றரை மணி.

"வந்துச்சுங்க" என்றாள் அன்னபூரணி, கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டே. "நீங்க குறட்டை விட ஆரம்பிச்ச உடனே வந்துச்சு. ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

அவர் ஓடிப் போய் எண்ணினார். ரோஸ் பத்து, பழுப்பு மூன்று.

முக்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். யானம் கண் முன்னால் வந்து நின்றது. ஏமண்டி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. அங்கே போய்க் கரும்பலகைக்கு முன்னால் ஊமை மாதிரி கை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அப்படியே உட்கார்ந்திருந்தவர் கண்ணில் வேலியோரத்து எருக்கஞ்செடி பட்டது. இலையில் ஒரு புழு. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக, ஒளியாமல் மறையாமல், நட்ட நடு இலையில் மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கிளையில் காக்கை. அது புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எருக்கம்பாலைத் தின்ற புழு கசப்பு; தின்றால் அவ்வளவுதான் என்று அந்தப் பளபள நிறமே காக்கையை எச்சரிக்கிறது.

சிதம்பரநாதன் துள்ளி எழுந்தார். குடை ஒரு பக்கம் பறந்தது. எச்சரிக்கை நிறம்! பருந்து ரோஸைப் பார்த்துப் பயப்படுகிறது! உலகத்தில் இதுவரை யாரும் கவனிக்காததைத் தருமபுரத்துக் கொல்லையில் தான் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்னபூரணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்திவிட்டு, சட்டைப் பித்தான்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

தெருவே கூடிவிட்டது. ஒரு வாரமாகப் பருந்துத் தொல்லையில் நொந்துபோயிருந்த ஜனங்கள் வாத்தியாரை நாலு வார்த்தை கேட்கத்தான் கூடினார்கள். ஆனால் அவர் பேசிய வேகத்தில், கண் ஜொலித்த ஜொலிப்பில், எல்லோரும் வந்த வேலையை மறந்துவிட்டார்கள். ஏழு நாளில் என் ரோஸ் குஞ்சு ஒன்றுகூடக் குறையவில்லை, வந்து எண்ணிப் பாருங்கள் என்றார். வந்து எண்ணினார்கள். பத்து இருந்தது. சவியேகூட எண்ணிவிட்டு, தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். கும்பலுக்குப் பின்னாலிருந்து அன்னபூரணி இன்னொரு தடவை வாயெடுத்தாள். விஞ்ஞானம் பேசும்போது குறுக்கே வராதே என்று வாத்தியார் அதட்டினார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் தெருவில் பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் ஒழிந்தன. குஞ்சு என்றால் ரோஸ். மதார் சாகிப் கடையில் ரோஸ் சாயம் ஒரு பொட்டலம்கூட மிச்சமில்லை; மறுநாளே அவர் புதுச் சரக்கு வரவழைத்தார்.

அடுத்த மூன்று நாளும் பருந்துகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. திங்கட்கிழமை சவியே வீட்டில் நாலு குஞ்சு போயிற்று. அலாவுதீன் வீட்டில் ஐந்து. செவ்வாய்க்கிழமை தெரு முழுக்க ஓலம். இதில் இன்னொரு குழப்பம். எல்லாம் ரோஸ் ஆகிவிட்டதால், மிஞ்சிய குஞ்சு யார் வீட்டுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு குஞ்சை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முப்பது வருஷமாக முகம் கோணாமல் பழகிய அலாவுதீனும் சவியேயும் வேலிக்கு இரண்டு பக்கமும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சிதம்பரநாதன் வீட்டில் மட்டும் ரோஸ் பத்து. குறையவே இல்லை. பழுப்பு இரண்டாகி, ஒன்றாகி, புதன்கிழமை சாயங்காலம் பூஜ்யம் ஆயிற்று.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கொல்லையில் பருந்து ரோஸைத் தொடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அதே பருந்து ரோஸைத்தான் தேடித் தேடித் தூக்குகிறது. பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். அன்னபூரணி, உங்களை யானத்துக்கு அனுப்ப மாட்டாங்க, நான் இருக்கேன் என்று தேற்றினாள். நீ என்னம்மா பண்ணுவ என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மதாம் மத்லேன் வந்து இறங்கினார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் ஒரு கோப்பு. சோமசேகரனின் சீசாவை முந்தின நாளே பள்ளிக்கூடத்தில் பார்த்தாகிவிட்டது. மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாராம். சிதம்பரநாதன் கொல்லையில் ஒரு பெஞ்சு போட்டு, அதன் மேல் சாட்சிகளை வரிசையாக வைத்திருந்தார். அரியலூரில் கிணறு வெட்டியபோது கிடைத்த, சிப்பி பதிந்த கல். கடல் இல்லாத ஊரில் கல்லுக்குள் கடல் சிப்பி எப்படி வந்தது என்று கேட்டு அவரே பதில் சொன்னார். மனிதன் கை, வௌவால் இறக்கை, திமிங்கலத் துடுப்பு, மூன்றின் எலும்பையும் படம் போட்டு வைத்திருந்தார். வேலை வேறு, எலும்பு அமைப்பு ஒன்று. கொசு மருந்து முதலில் அடித்த வருஷம் கொசு கொத்துக் கொத்தாகச் செத்ததையும், இப்போது அதே மருந்து பூசிய சுவரில் வந்து சுகமாக உட்காருவதையும் சொன்னார். கொசுவுக்கு வைராக்கியம் வந்துவிடவில்லை. மருந்துக்குச் சாகாத நாலு கொசு பெற்ற பிள்ளைகள் இவை என்றார். பயத்தையெல்லாம் மறந்து, மூச்சு வாங்கப் பேசினார்.

மதாம் மத்லேன் ஒரு கேள்வி கேட்டார். சாயம் பரம்பரையாக இறங்காதே, ரோஸ் குஞ்சு பெரிதாகி இட்ட முட்டையில் ரோஸ் குஞ்சா வரும்? வராது மேடம், அதனால் இது பாதிப் பாடம்தான், எது பிழைக்கிறது என்பதை மட்டும் காட்டும். பிறவியிலேயே வந்த நிறமாக இருந்தால்தான் மீதிப் பாதி நடக்கும் என்று அவர் தயங்காமல் சொன்னார். ஆய்வாளர் முகத்தில் முதல் தடவையாக ஒரு திருப்தி தெரிந்தது.

"சரி, காட்டுங்க" என்றார்.

சிதம்பரநாதன் பஞ்சாரத்தைத் தூக்கினார். பத்து ரோஸ் குஞ்சுகள் ஆய்வாளரின் செருப்பைச் சுற்றி ஓடின.

மதாம் மத்லேன் எண்ணினார். கோப்பில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். ரோஸ் அழியும், பழுப்பு பிழைக்கும் என்று அதில் வாத்தியார் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மதாம் மறுபடி எண்ணிக்கொண்டிருக்கும்போது கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு தெரு உள்ளே வந்தது. முன்னால் சவியே, பக்கத்தில் அலாவுதீன். முதுகைக் காட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கோபம் ஒன்று சேர்த்திருந்தது. சவியே தொப்பியைக் கழற்றி மதாமுக்கு வணக்கம் சொல்லிவிட்டு விஷயத்தை வைத்தார். வாத்தியார் சொன்னாரென்று குஞ்சுக்கெல்லாம் ரோஸ் பூசினோம், தெருவில் முப்பத்திரண்டு குஞ்சைப் பருந்து கொண்டுபோயிற்று. எல்லார் வீட்டிலும் போனது இவர் வீட்டில் மட்டும் எப்படிப் போகாமல் இருக்கும்?

"அந்தப் பத்தும் எங்க குஞ்சுங்க, மதாம்" என்றார் அலாவுதீன். "இவருது என்னிக்கோ போயிருக்கும். வேலி வழியா வந்த எங்க குஞ்சைப் பிடிச்சுப் பஞ்சாரத்துல போட்டு, உங்ககிட்ட கணக்குக் காட்டுறாரு."

சிதம்பரநாதனுக்கு முகம் செத்துப்போயிற்று. யானம் போவது ஒரு பக்கம்; கோழிக்குஞ்சு திருடினவர் என்ற பெயரோடு போவது இன்னொரு பக்கம். நான் ஒரு குஞ்சைக்கூடத் தொடவில்லை என்று சொல்லப் பார்த்தார். அதற்குள் தெருவே கத்த ஆரம்பித்துவிட்டது. கிணற்றடியில் நின்ற அன்னபூரணியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மதாம் மத்லேன் கையைத் தூக்கினார். தெரு அடங்கியது. அவர் கோப்பிலிருந்து யானம் பட்டியலை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் சிதம்பரநாதன், பாடம் நல்லா இருந்துச்சு. ஆனா வகுப்புல ஒரு விதி சொல்றீங்க, உங்க கொல்லையில அதுக்கு நேர்மாறா நடக்குது, இவங்க கொல்லையில மறுபடி நீங்க வகுப்புல சொன்னதே நடக்குது. நீங்க திருடினீங்கன்னு நான் நம்பல. உங்க பழுப்புக் குஞ்சு பத்தும் எங்க போச்சு? நம்புற மாதிரி ஒரே ஒரு காரணம் சொல்லுங்க, உங்க பேரை எழுதாம விட்டுடறேன்."

சிதம்பரநாதன் குஞ்சுகளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். எருக்கஞ்செடியைக்கூடப் பார்த்தார். பத்து நாளில் பத்துக் காரணம் கண்டுபிடித்த மனுஷருக்குப் பதினோராவது காரணம் கிடைக்கவில்லை.

"தெரியலீங்க, மேடம்" என்றார். அவர் வாழ்க்கையில் ஒரு பாடத்தைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பேனா பட்டியலின் மேல் இறங்கியது. அந்தச் சமயம் பார்த்துப் பின்பக்க வேலிக்கு மேலே மதார் சாகிப்பின் தலை தெரிந்தது. கடையை விட்டு நகராத மனுஷர். கும்பலையும் கவனிக்கவில்லை, ஆய்வாளரையும் கவனிக்கவில்லை. கிணற்றடியில் நின்ற அன்னபூரணியிடம் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"வாத்தியாரம்மா, பருந்து ஒரு ரோஸ் குஞ்சைத் தூக்குறப்பல்லாம் எண்ணிக்கை குறையாம ஒரு பழுப்புக் குஞ்சை முக்கி வச்சிடணும்னு தினம் ஒரு பொட்டலம் வாங்குவீங்களே, நேத்து சொல்லி வச்ச சாயம் இப்பத்தான் வந்துச்சு, இந்தாங்க, ஆமா, முக்கறதுக்குப் பழுப்பு இன்னும் மிச்சம் இருக்குதா?"